தென் ஜொகூரின் கித்தார் காலங்கள்

தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கித்தார் பாப் 1993 வாக்கில் எழுந்து 1997-இல் ஓய்ந்த ஓர் அலை. ‘பிரிட்பாப்’ என்ற பெயரில் இன்றும் ஏக்கத்தோடு நினைக்கப்படும் இந்த இசைக்கு லண்டனின் ஸ்வேட், பிளர், எலாஸ்டிகா, ஷெஃபீல்டின் பல்ப், மான்செஸ்டரின் ஒயாசிஸ் ஆகிய குழுக்கள் அடையாளமாயின. கித்தார், பேஸ், டிரம்ஸ், ஒரு பாடகர், கூட்டமே சேர்ந்து பாடக்கூடிய பல்லவி. கருவிகளிலும் கட்டமைப்பிலும் புதுமை அதிகமில்லை. ஆனால் பரவிய வேகம் பெரிது. 1995 ஆகஸ்ட் 14 அன்று பிளரும் ஒயாசிஸும் ஒரே நாளில் தத்தம் தனிப்பாடல்களை வெளியிட்டன. அந்த வார விற்பனையில் பிளர் 274,000 பிரதிகளோடு முந்தியது. ஒயாசிஸின் கணக்கு 216,000. பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் மாலைச் செய்திகள் இதைத் தேர்தல் முடிவுபோல் அறிவித்தன. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நெப்வொர்த் திடலில் இரண்டு இரவுகள் ஒயாசிஸ் இசைத்தபோது 250,000 பேர் திரண்டார்கள். நுழைவுச்சீட்டுக்கு முயன்றவர்கள் 25 இலட்சத்துக்கும் மேல்.

இந்த இசை பிறக்கும்போதே பழைய காலத்தை நோக்கித் திரும்பியிருந்தது. 1992-இல் அமெரிக்கப் பயணத்தில் அலைக்கழிந்து ஊர் நினைவில் வாடிய பிளர் குழுவின் டேமன் ஆல்பர்ன், திரும்பி வந்து இங்கிலாந்தின் அன்றாடத்தைப் பாடத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டி அறுபதுகளின் கிங்க்ஸ் குழு. ஒயாசிஸின் நோயல் கேலகருக்கு பீட்டில்ஸ். சியாட்டிலிலிருந்து கிளம்பிய கிரஞ்ச் இசை உலகெங்கும் ஒலித்த நேரத்தில், பிரிட்டிஷ் இளைஞர்கள் தங்கள் பெற்றோர் கேட்ட இசைத்தட்டுகளைத் தூசி தட்டி எடுத்தார்கள். ஆகவே இன்று தொண்ணூறுகளுக்காக ஏங்குபவர் தம்மை அறியாமல் அறுபதுகளுக்காகவும் ஏங்குகிறார். தென் ஜொகூரில் இந்தச் செய்திக்குத் தனிப் பொருள் உண்டு. அறுபதுகளின் அந்தப் பிரிட்டிஷ் கித்தார் இசை இங்கே தொண்ணூறுகளுக்கு முப்பது ஆண்டுகள் முன்பே வேர் பிடித்திருந்தது. தொண்ணூறுகளில் வந்த அலை பழக்கப்பட்ட மண்ணில்தான் விழுந்தது.

அந்த மண்ணுக்கு ஓர் எடுத்துக்காட்டு பெக்கான் நானாஸ். அது பொந்தியான் மாவட்டத்தில், ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் கெச்சில் செல்லும் சாலையில் இருக்கும் சிறு பட்டணம். பெயருக்கு ஏற்ப அது அன்னாசி ஊர். சுற்றிலும் உள்ள கரிய சதுப்பு நிலத்தில் மற்ற பயிர்கள் தடுமாற, அன்னாசி செழித்தது. மலாயாவின் அன்னாசி டின்களில் அடைபட்டுச் சிங்கப்பூர்த் துறைமுகம் வழியாகப் பெருமளவில் போய்ச் சேர்ந்த இடம் பிரிட்டன். போருக்கு முந்தைய ஆண்டுகளில் அந்தத் தொழிலின் முதன்மைச் சந்தை அதுவே. சீனக் கடைவீதி, மலாய்க் கம்பங்கள், ரப்பரும் பிறகு செம்பனையுமாக மாறிய தோட்டங்களில் தமிழர் குடியிருப்புகள் என்று தென் ஜொகூரின் வழக்கமான கலவை இந்த வட்டாரத்திலும் அமைந்தது. இங்கே வாழ்ந்தவர்களுக்குக் கோலாலம்பூர் தொலைவு, சிங்கப்பூர் அருகு. நேர்கோட்டில் அளந்தால் சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் ஒலிபரப்புக் கோபுரம் 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். இசை வரலாற்றைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்தைச் சிங்கப்பூரிலிருந்து பிரித்து எழுத முடியாது. ஜொகூர் ஜலசந்திக்கு நடுவே எல்லைக்கோடு உண்டு, வானலைக்கு இல்லை.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்தினார்கள். மலாயா முழுதும் கித்தார் குழுக்கள் முளைத்ததற்கு இந்த நிகழ்ச்சியையே தொடக்கமாகக் கொள்வது வழக்கம். கிளிஃப் ரிச்சர்ட் 1940-இல் லக்னோவில் பிறந்தவர். ஷேடோஸ் குழுவின் ஹேங்க் மார்வின் வைத்திருந்த சிவப்பு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிரிட்டனுக்குள் வந்த முதல் கருவிகளில் ஒன்று. அவருடைய கித்தார் பாடகருக்குப் பின்னணியாக ஒதுங்கி நிற்காமல் தானே பாடியது. ஆங்கிலம் சரளமாக வராத இளைஞரும் அந்த இசையைக் காதால் கேட்டு அப்படியே வாசித்துவிடலாம். மலாய், சீன, தமிழ் வீடுகளிலிருந்து ஒரே சமயத்தில் கித்தார் வாசிப்பவர்கள் கிளம்பியதற்கு இது முக்கியக் காரணம்.

சிங்கப்பூரின் குவெஸ்ட்ஸ் குழு 1964-இல் இ.எம்.ஐ. நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘ஷாண்டி’ என்ற கருவியிசை, உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸ் பாடலையே கீழே தள்ளி முதலிடம் பிடித்தது. அந்தக் குழுவின் முதன்மைக் கித்தார் கலைஞர் ரெஜி வர்கீஸ் இந்திய வம்சாவளியினர்; பின்னாளில் சிங்கப்பூர்ப் பதிவுக்கூடங்களில் பல பாடகர்களின் இசைத்தட்டுகளுக்குப் பின்னால் இருந்தவரும் அவரே. நயோமி அண்ட் தி பாய்ஸ் குழுவின் பாடகி நயோமி சூரியா 1965-இல் பாடி வெளிவந்த பிறந்தநாள் பாட்டு இன்றும் சிங்கப்பூரின் பழைய பாடல் நிகழ்ச்சிகளில் தவறாமல் இடம்பெறுகிறது. மலாய் மொழியில் இதே இசை ‘குகிரான்’ என்ற பெயரில் வளர்ந்தது. ‘கும்புலான் கித்தார் ரஞ்சாக்’ என்பதன் சுருக்கம் அது. எம். உஸ்மான் 1964-இல் பாடிய ‘சுசானா’ அந்த வகையின் முதல் பெரும் வெற்றி. பீட்டில்ஸ் பாடல் ஒன்றின் கூவலை வைத்து ‘பொப் யே யே’ என்று இந்தக் காலத்துக்கே பெயர் வந்தது. 1967-இல் ஷா சகோதரர்களின் மலே ஃபிலிம் புரொடக்‌ஷன்ஸ் நிறுவனம் ‘ஆ கோ கோ 67’ என்று ஒரு படமே எடுத்தது.

இந்த அலையில் தமிழ்நாட்டுத் தலைநகரின் பெயரும் இரண்டு இடங்களில் வருகிறது. பீட்டில்ஸ் குழுவின் தொடக்ககால டிரம்ஸ் கலைஞர் பீட் பெஸ்ட் 1941-இல் மதராஸில் பிறந்தவர். 1967-இல் பீட்டில்ஸின் தனிப்பாடலை பிரிட்டனில் முதலிடம் ஏற விடாமல் தடுத்த எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கும் அங்கே பிறந்தவர்தான். பிறப்பிடம் மட்டுமே கொண்டு இசையுறவு பேச முடியாது. ஆனாலும் பேரரசின் துறைமுகங்களுக்கிடையே மனிதர்களும் கருவிகளும் பாடல்களும் எவ்வளவு எளிதாக இடம் மாறின என்பதற்கு இவை சான்று. சிங்கப்பூரிலேயே செம்பவாங், செலத்தார், தெங்ஙா படைத்தளங்களில் இருந்த பிரிட்டிஷ் வீரர்கள்தாம் உள்ளூர்க் குழுக்களுக்கு ஊதியம் தந்த முதல் ரசிகர்கள். வார இறுதிகளில் படைவீரர் மன்றங்களில் வாசித்தே பல குழுக்கள் பிழைத்தன. 1971 இறுதியில் படைகள் வெளியேறியபோது அந்த வருமானம் போயிற்று. போதாக்குறைக்குச் சிங்கப்பூர் அரசு நீண்ட முடிக்கு எதிராக இயக்கம் நடத்தியது. 1972-இல் லெட் செப்பலின் குழு முடியின் காரணமாகவே உள்ளே வர முடியாமல் போனது. கித்தார் குழுக்களின் முதல் காலம் அத்தோடு ஒடுங்கியது.

அந்த ஒடுக்கத்தைக் கடந்து நிலைத்த பெயர் ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையது. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் அறுபதுகளின் இறுதியில் தொடங்கிய ஆலிகேட்ஸ், எழுபதுகளில் ஹாங்காங் விடுதிகளில் ஆங்கிலப் பாடல்களை வாசித்துத் தேர்ந்தது. 1979-இல் ‘தெரிமா காசே’ என்ற மலாய்த் தொகுப்போடு தாய்நாட்டு மேடைக்குத் திரும்பியது. தலையைச் சுற்றி மேகம்போல் நின்ற சுருள் முடியும், இருவரின் தேன் குரலும் மலேசியா முழுதும் அறிமுகமாயின. எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். மலாய் பாப் இசையின் உச்சியில் இரண்டு தமிழர்கள் பத்தாண்டுக்கும் மேல் நின்றது மலேசிய வரலாற்றில் சாதாரணச் செய்தி அல்ல. தமிழ் வீடுகளில் அவர்களைப் பற்றிய பெருமை உண்டு. ஆனால் தமிழில் எழுதப்பட்ட மலேசிய இசை வரலாறுகள் திரைப்பாடலையும் பக்திப்பாடலையும் தாண்டி இவர்களிடம் வந்து சேர்வது அரிது. மலாயில் பாடினார்கள் என்பதாலேயே இவர்களைத் தமிழர் கலை வரலாற்றுக்கு வெளியே நிறுத்துவது பெரும் இழப்பு.

ஜொகூருக்குச் சொந்தமான கித்தார் குழு 1981-இல் ஜொகூர் பாருவில் உருவானது. ‘சர்ச்’ என்ற அந்தக் குழு 1985-இல் முதல் தொகுப்பை வெளியிட்டது. 1989-இன் ‘ஃபெனோமெனா’ தொகுப்பும் அதிலிருந்த ‘இசபெல்லா’ பாடலும் இந்தோனேசியாவையும் கவர்ந்தன. ‘ராக் காப்பாக்’ என்று அழைக்கப்பட்ட இந்தக் கனத்த கித்தார் இசை பொந்தியான் பக்கத்துப் பட்டணங்களில் மலாய் இளைஞரோடு நின்றுவிடவில்லை. குழுவின் கித்தார் கலைஞர்களில் ஒருவரான ஹிலரி ஆங் சீனர். மேடைக்குக் கீழே எல்லா இனத்தாரும் இருந்தார்கள். 1992-இல் தகவல் அமைச்சர் முகமது ரஹ்மத், நீண்ட முடி வளர்த்த ராக் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் தோன்ற விடாமல் தடுத்தார். சர்ச், விங்ஸ் குழுக்களின் பாடகர்கள் கடைசியில் முடியை வெட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. அமைச்சரே ஜொகூரின் புலாய் தொகுதிக்காரர். தடைக்கு ஆளான குழுவும் ஜொகூர் பாரு குழு. அதிரடிக் கித்தாருக்கு அரசு ஊடகத்தில் இடம் சுருங்கிய அதே ஆண்டுகளில்தான், குட்டையான முடியோடும் சாதாரணச் சட்டையோடும் பிரிட்டிஷ் இளைஞர்கள் தங்கள் நாட்டுத் தொலைக்காட்சித் திரைக்கு வந்தார்கள்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் தமிழர் காதில் விழுந்த கித்தார் வேறொரு வழியாகவும் வந்தது. இளையராஜா லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கித்தார்த் தேர்வில் சிறப்பிடம் பெற்றவர். 1980-இன் ‘மூடுபனி’ படத்தில் கித்தாரை மீட்டியபடி நாயகன் பாடும் பாட்டையும், 1982-இன் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் ‘இளைய நிலா’ பாடலின் கித்தார் இழையையும் கேட்காத மலேசியத் தமிழ் வீடு அரிது. திருமண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த மெல்லிசைக் குழுக்கள் இந்தப் பாடல்களை மேடைக்குக் கொண்டுவந்தன. அந்தக் குழுக்களில் கித்தார் வாசித்தவர்கள் ஷேடோஸையும் இளையராஜாவையும் ஒரே கையால் பழகினார்கள். தமிழர்களுக்கு மின்கித்தார் எண்பதுகளிலேயே திருமண வீட்டின் ஒலியாகியிருந்தது. 1992-இல் ‘ரோஜா’ வந்தபின் கணினியும் சிந்தசைசரும் முன்னுக்கு வந்து, மெல்லிசைக் குழுக்களில் கித்தாரின் இடத்தைக் கீபோர்டு மெல்ல எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் கித்தார் புத்துயிர் பெற்ற அதே ஆண்டுகளில் தமிழ்த் திரையிசையில் அது பின்னால் நகர்ந்தது.

தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் பாடல்கள் தென் ஜொகூருக்கு வந்த வழிகளில் முதன்மையானது வானொலி. பெக்கான் நானாஸுக்கு வடகிழக்கே எழும் குனோங் புலாய் 654 மீட்டர் உயரம். சுற்றுவட்டாரத்தில் அதற்கு நிகரான மேடு இல்லாததால் அதன் உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் அமைந்தன. வானொலி நான்கு என்ற ஆங்கிலச் சேவையும், வானொலி ஆறு என்ற தமிழ்ச் சேவையும் தென் ஜொகூருக்கு இந்த மலையிலிருந்து இறங்கின. எதிர்த்திசையில் சிங்கப்பூரின் பண்பலை நிலையங்கள் தெளிவாகக் கேட்டன. 1989-இல் தொடங்கிய ‘பெர்ஃபெக்ட் டென்’ 98.7 ஆங்கில பாப் இசைக்கென்றே இருந்தது. ஒரே வீட்டில் காலையில் சிங்கப்பூரின் தமிழ் வானொலி, பிற்பகலில் வானொலி ஆறு, இரவில் பிள்ளைகள் திருகும் ஆங்கில நிலையம் என்று ஒரே பெட்டி மூன்று உலகங்களைக் கொண்டுவந்தது.

இதைவிட அரிதான வழி ஒன்றும் இருந்தது. பி.பி.சி. தன் தூரகிழக்கு மறுஒலிபரப்பு நிலையத்தை ஐம்பதுகளில் ஜொகூரின் தெப்ராவில் நடத்தியது. எழுபதுகளின் இறுதியில் அது ஜலசந்தியின் மறுகரையில் உள்ள கிராஞ்சிக்கு மாறியது. சிங்கப்பூரில் 88.9 பண்பலையில் பி.பி.சி. உலகச் சேவை நாள் முழுதும் கிடைத்தது. புதிய, பெயர் அறியாத கித்தார் குழுக்களைத் தேடித் தேடி ஒலிபரப்பிய ஜான் பீலின் நிகழ்ச்சி உலகச் சேவையில் பல ஆண்டுகள் இடம்பெற்றது. லண்டனில் ஒரு விடுதியில் நூறு பேர் முன் வாசித்த குழுவின் பாட்டை ஜொகூர்ப் பட்டணம் ஒன்றின் இளைஞர் கேட்டிருக்க முடியும் என்பதை இணையத்துக்குப் பின் பிறந்தவர்கள் நம்புவது கடினம். அந்த வசதி உலகின் பல பெரிய நகரங்களுக்கே இல்லாதது.

காட்சி பின்னால் வந்தது. 1995-இல் எம்.டிவி ஏசியா சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுபடி தொடங்கியது. ஆனால் மலேசிய வீடுகளில் செயற்கைக்கோள் தட்டு வைக்க அதுவரை அனுமதி இல்லை. 1996-இல் மீசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டு ஆஸ்ட்ரோ சேவை தொடங்கிய பிறகே இசைக் காணொளிகள் மலேசிய வரவேற்பறைகளுக்கு நேரடியாக வந்தன. அதாவது ஒயாசிஸும் பிளரும் மோதிய கோடையில் தென் ஜொகூர் அவர்களைப் பெரும்பாலும் காதாலேயே அறிந்தது.

கையில் பிடிக்கும் பொருளாக இருந்தது கேசட். பட்டணக் கடைகளில் முத்திரையுள்ள ஒலிநாடாக்களும், பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் திருட்டு ஒலிநாடாக்களும் அடுக்கப்பட்டிருந்தன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் குறுந்தகடு வாங்கி வந்தார்கள். அதை நண்பர்கள் வெற்றுக் கேசட்டில் பதிந்து கொண்டார்கள். தொண்ணூறுகளில் தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட, தமிழ்க் குடும்பங்கள் ஸ்கூடாய், செனாய், பாசீர் கூடாங் தொழிற்சாலைகளை நோக்கி நகர்ந்தன. தொழிற்சாலைப் பேருந்தும் வாடகை வீடும் பல இனத்து இளைஞர்களை ஒரே கூரையின் கீழ்ச் சேர்த்தன. கேசட் கைமாறியது அந்த இடங்களில்தான். தோட்டத்து வாழ்க்கையில் தமிழ்ப் பாட்டு மட்டுமே ஒலித்த காதுகளுக்கு மலாய் ராக்கும் பிரிட்டிஷ் பாப்பும் ஒருங்கே பழக்கமானதற்கு இந்த இடப்பெயர்வு பெரும் காரணம். இதை இசை ரசனையின் வளர்ச்சி என்று மட்டும் எழுதுவது அரைகுறை வரலாறு. பின்னணியில் வீடிழந்த குடும்பங்கள் இருந்தன.

கேட்டவர்கள் வாசிக்கவும் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் ஆட்ஃபெல்லோஸ் குழு 1991-இல் வெளியிட்ட ‘டீனேஜ் ஹெட்’ தொகுப்பின் ‘ஸோ ஹேப்பி’ பாடல் அடுத்த ஆண்டு வானொலிப் பட்டியலில் முதலிடம் ஏறியது. பெரிய நிறுவனத்தின் துணையில்லாமல் எழுந்த உள்ளூர் கித்தார் இசைக்கு அது திருப்புமுனை. 1985 முதல் வெளிவந்த ‘பிக் ஓ’ இதழ் இத்தகைய குழுக்களைத் தொடர்ந்து எழுதி வளர்த்தது. மலேசியாவில் பாசிட்டிவ் டோன் நிறுவனத்தின் ஓ.ஏ.ஜி. குழு தொண்ணூறுகளின் நடுவில் ‘சிக்ஸ்டீஸ் டிவி’ என்ற ஆங்கிலப் பாடலால் நாடறிந்தது. பிரிட்டிஷ் குழுக்களைப் போலவே இந்த மலேசியக் குழுவும் தன் முதல் வெற்றிப் பாடலின் தலைப்பிலேயே அறுபதுகளை வைத்தது கவனிக்க வேண்டியது. 1996-இல் ‘1.2 மில்லிகிராம்ஸ்’ தொகுப்போடு வந்த பட்டர்ஃபிங்கர்ஸ் குழுவின் சாய்வு அமெரிக்க கிரஞ்ச் பக்கம்.

தமிழ் இளைஞர்கள் இந்த அலையில் வாசித்தது கித்தாரை அல்ல என்பது வரலாற்றின் எதிர்பாராத திருப்பம். ஓ.ஏ.ஜி.யை வெளியிட்ட அதே பாசிட்டிவ் டோன், 1998-இல் பொயட்டிக் ஆம்மோ என்ற ராப் குழுவின் ‘இட்ஸ் எ நைஸ் டே டு பி அலைவ்’ தொகுப்பை வெளியிட்டது. யோகி பி தலைமையிலான அந்தக் குழு ஆங்கிலத்தோடு மலாயிலும் தமிழிலும் கண்டோனீசிலும் பாடியது. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவோடு ‘வல்லவன்’ தொகுப்பைத் தந்தபோது, 1980-இன் ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ பாடல் புது வடிவில் ராப்போடு கலந்து தமிழ்நாட்டையும் சென்றடைந்தது. பிரிட்டிஷ் குழுக்கள் கிங்க்ஸுக்கும் பீட்டில்ஸுக்கும் திரும்பியது போல, மலேசியத் தமிழ் இளைஞர்கள் தம் பெற்றோரின் இளையராஜாவுக்குத் திரும்பினார்கள். ஆங்கில மெட்டைப் போலச் செய்வதைவிட இது ஆழமான கற்றல். பழைய பாட்டைத் தன் காலத்தின் குரலாக மாற்றும் துணிவே தொண்ணூறுகளின் உண்மையான கொடை. அதை மலேசியத் தமிழர் முழுமையாக எடுத்துக்கொண்டார்கள்.

பிரிட்டனிலும் இந்த இசைக்குள் தெற்காசியர் இருந்தார்கள். 1996-இல் கூலா ஷேக்கர் குழு சம்ஸ்கிருதச் சொற்களைக் கித்தாரோடு இணைத்துப் பட்டியல் ஏறியது. அது வெள்ளை இளைஞர்களின் இந்திய மயக்கம். எக்கோபெல்லி குழுவின் பாடகி சோன்யா மதன் டில்லியில் பிறந்தவர். லெஸ்டரில் தோன்றிய கார்னர்ஷாப் குழுவின் தஜிந்தர் சிங், பின்னணிப் பாடகி ஆஷா போஸ்லேயைப் போற்றி ஒரு பாட்டெழுதினார். 1997-இல் வந்தபோது 60-ஆம் இடத்தோடு நின்ற அந்தப் பாட்டு, ஃபேட்பாய் ஸ்லிம்மின் மறுகலவையில் 1998 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. பிரிட்பாப் மேடைகளில் யூனியன் ஜாக் கொடி பெருமையாக விரிந்த ஆண்டுகளில், ‘இந்தக் கொடி யாருடையது?’ என்ற கேள்வியை இவர்கள் இருப்பே எழுப்பியது.

இவர்களில் தமிழர் வரலாற்றுக்கு மிக நெருக்கமானவர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்தில் கழித்து, இடையில் மதராஸிலும் தங்கி, 1986-இல் அகதியாக லண்டனுக்குத் திரும்பியவர். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் பயின்ற அவருக்கு, எலாஸ்டிகா குழுவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் 2000-இல் வெளியான ‘தி மெனஸ்’ தொகுப்பின் அட்டையை வடிவமைக்கும் பணியைத் தந்தார். குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றபோது, உடன் வந்த பாடகி பீச்சஸ், ரோலண்ட் எம்.சி-505 என்ற தாளக் கருவியை அறிமுகப்படுத்தினார். ஃப்ரிஷ்மன் ஸ்வேட் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். டேமன் ஆல்பர்னின் முன்னாள் துணை. பிரிட்பாப்பின் நடுவீட்டிலிருந்து கிடைத்த நட்பும் கருவியும் கொண்டு மாதங்கி ‘எம்.ஐ.ஏ.’ ஆனார். 2003-இல் 500 பிரதிகளோடு வந்த ‘கலாங்’ பாடலின் உருவாக்கத்தில் ஃப்ரிஷ்மனோடு பல்ப் குழுவின் பேஸ் கலைஞர் ஸ்டீவ் மேக்கியும் பங்கு கொண்டார். 2005-இன் முதல் தொகுப்புக்குத் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ சூட்டப்பட்டது. உலகெங்கும் அவரை அறியச் செய்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ கூட, கிளாஷ் என்ற பழைய பிரிட்டிஷ் கித்தார் குழுவின் 1982-ஆம் ஆண்டுப் பாடலின் இழை மேல் கட்டப்பட்டது. ஓய்ந்துபோன ஓர் இசை அலையிலிருந்து புதிய குரல் ஒன்று எழுந்தது. அது ஈழத் தமிழ்ப் பெண்ணின் குரல்.

அலை ஓய்ந்தது 1997-இல். அந்த ஆகஸ்டில் வெளியான ஒயாசிஸின் ‘பி ஹியர் நவ்’ முதல் வாரங்களில் குவித்த விற்பனைக்குப் பிறகு சலிப்பையே விட்டுச்சென்றது. அதற்கு முந்தைய மாதம் தாய்லாந்தின் பாட் சரிந்து ஆசிய நிதி நெருக்கடி தொடங்கியிருந்தது. ரிங்கிட்டும் சரிந்து, 1998 செப்டம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 3.80 என்று நிலைநிறுத்தப்பட்டது. ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டு ரிங்கிட்டுக்கும் குறைவாக இருந்த மாற்று விகிதம் இரண்டைத் தாண்டியது. சிங்கப்பூர்க் கடையில் குறுந்தகடு வாங்குவது ஜொகூர் இளைஞருக்கு ஆடம்பரமாயிற்று. திருட்டுக் குறுந்தகடுகள் பெருகின. 1999-இல் நாப்ஸ்டர் வந்தபின் இசையை வாங்கும் பழக்கமே தளர்ந்தது. பாட்டு, பணம், பண்டம் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மாறியதால், இந்த வட்டாரத்தில் தொண்ணூறுகளின் முடிவு கூர்மையாக நினைவில் நிற்கிறது.

இன்று அந்த இசை மீது காட்டப்படும் ஏக்கத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று சந்தை வளர்க்கும் ஏக்கம். 2009 ஆகஸ்டில் பாரிஸில் உடைந்த ஒயாசிஸ், 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் மீண்டும் மேடையேறியது. பிளர் 2023-இல் வெம்பிளி அரங்கை நிரப்பியது. பல்ப் 2025-இல் ‘மோர்’ என்ற புதிய தொகுப்பைத் தந்தது. இந்த நிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு விலை, அந்தப் பாடல்களில் பேசப்பட்ட உழைக்கும் வர்க்கத்து இளைஞருக்கு எட்டாதது. இன்னொன்று, கேட்ட முறைக்கான ஏக்கம். ஒரு பாட்டு வானொலியில் வரும்வரை காத்திருந்தது, பதிவுப் பொத்தானை அழுத்தத் தயாராக விரலை வைத்திருந்தது, அறிவிப்பாளர் குரல் இடையில் புகுந்து கெடுத்தது, ஒரே கேசட்டைப் பத்துப் பேர் தேய்த்தது. மலேசியாவில் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள் தொண்ணூறுகளைப் பற்றிப் பேசும்போது குழுக்களின் பெயரைவிட இந்தக் கேட்கும் பழக்கமே முதலில் வருகிறது. இரண்டாவது ஏக்கத்துக்கே வரலாற்று மதிப்பு அதிகம். அதில் ஒரு சமூகம் எப்படிக் கூடி வாழ்ந்தது என்ற செய்தி அடங்கியிருக்கிறது.

அந்தச் செய்தியைத் திரட்டும் வேலை ஏற்றத்தாழ்வோடு நடந்திருக்கிறது. சிங்கப்பூரின் அறுபதுகளின் குழுக்கள் நூல்களிலும் மறுவெளியீடுகளிலும் ஓரளவு பதிவாகியுள்ளன. குகிரான் பாடல்களை மலேசிய அரசு வானொலியின் பழம்பாடல் சேவை தொடர்ந்து ஒலிக்கிறது. ஆலிகேட்ஸின் லோகநாதன் 2007 ஜூனில் புற்றுநோயால் மறைந்தார். டேவிட் ஆறுமுகம் அதன் பின்னும் மேடையைத் துறக்கவில்லை. ஆனால் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் இருபது முப்பது ஆண்டுகள் கித்தார் வாசித்த தமிழ்க் கலைஞர்களின் பெயர்கள் எந்த இசைத்தட்டின் அட்டையிலும் அச்சாகவில்லை. அவர்களின் இசை பெரும்பாலும் திருமணக் காணொளி நாடாக்களின் பின்னணியில் மட்டுமே பதிந்திருக்கிறது. வி.எச்.எஸ். நாடாக்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவாகப் பழுதாகுபவை; பொந்தியான் போன்ற கடலோரச் சதுப்பு மாவட்டத்தில் அவற்றின் ஆயுள் இன்னும் குறைவு. பல தோட்டங்கள் இன்று இல்லை. அங்கு வாசித்தவர்கள் ஜொகூர் பாருவின் அடுக்குமாடிகளிலும் சிங்கப்பூரின் வேலைத்தளங்களிலும் சிதறி, முதுமையை எட்டிவிட்டார்கள். அவர்களிடம் வாய்மொழி வரலாறு திரட்ட இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் உள்ளது.